கள்ளப்பதிப்புப் புகாருக்கு 303 போடாதீர்கள்

மதுரை மாநகரக் காவல் நிலைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கள்ளப்பதிப்பு விற்றவர்மேல் புகார் எழுதும்போது எங்களைப் போன்ற பதிப்பாளர்கள் ‘திருட்டு’ என்றுதான் எழுதுகிறோம். கோபம் அப்படி. அதை அப்படியே பாரதிய நியாய சன்ஹிதாவின் திருட்டுக்கான பிரிவு 303-இல் பதிந்தால் வழக்கு நிற்காது.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒருவர் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனால் அது 303. அதையே ஸ்கேன் செய்து 500 படி அடித்தவர் எங்கள் கிடங்கிலிருந்து ஒரு தாளைக்கூட எடுக்கவில்லை. ‘யார் வசமிருந்து எந்தப் பொருளை நகர்த்தினார்?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் பதில் இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அந்த அளவுக்குள் திருடி முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-இலோ 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிரிவு 64-இன்படி உதவி ஆய்வாளரே படிகளையும் பிளேட்டுகளையும் கைப்பற்றலாம். படிகளைப் போலீஸ் கைப்பற்றிய 15 நாளுக்குள் அவற்றுக்கு உரிமை கோருபவர் நீதித்துறை நடுவரிடம் திருப்பிக் கேட்டு மனுப்போடுவார், ஆகவே மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் குறிப்பு) பிசகக் கூடாது. ஒரு அசல் படியைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்: பிசிறடித்த எழுத்து விளிம்பு, புள்ளி புள்ளியாகத் தெரியும் படங்கள், குறுகிய ஓரம், விரித்தால் விட்டுப்போகும் முதுகுப் பசை.

வழக்கு பெரும்பாலும் சாய்வது எங்கள் பக்கத்துக் குறையால். எழுத்தாளர் உரிமையை எழுத்தில், கையெழுத்திட்டுத் தந்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. காலம் குறிக்காத ஒப்பந்தம் 5 ஆண்டோடு முடிந்துவிடும். ஆகவே புகாரோடு ஒப்பந்தத்தைக் கேளுங்கள்; இல்லையென்றால் எழுத்தாளரையே புகார் தரச் சொல்லுங்கள். பதிவுச் சான்றிதழ் கட்டாயமில்லை, அதற்காக யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகள் வேறு சங்கதி. பாடம் நடத்த ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் படியைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. முழு நாவலை பைண்டு போட்டு அடுக்கி விற்பவரையும் வகுப்புக்கு 2 அத்தியாயம் எடுத்துத் தருபவரையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
மதுரைச் சிறுபதிப்பாளர்கள் சிலர்