ஜூலை 7 அன்னிக்கு தாத்தாவுக்கு மாலை போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய அதிகாரிகளுக்கும், எங்க மக்களுக்காக மேடை ஏறுற பெரியவங்களுக்கும் வணக்கம்.

வருஷா வருஷம், எங்க தலித் மக்களுக்காகப் போராடின, நாங்க தாத்தானு கூப்பிடுற இரட்டைமலை சீனிவாசன் பொறந்த நாளுக்கு கிண்டி மணிமண்டபத்துக்கு வர்றீங்க, மாலை போடுறீங்க, போட்டோ வருது. வேணாம்னு சொல்லல, ரொம்ப காலம் அந்த மரியாதையே இல்லாம கிடந்த மனுஷன் அவரு, 2000-ல தான் அவருக்கு ஸ்டாம்ப்பே வந்துச்சு. ஆனா இந்த தடவை ஒரே ஒரு விஷயம் கேட்டே ஆகணும்னு தான் இதை எழுதுறேன்.

போன ஐப்பசியில எங்க ஆயா செத்துப்போச்சு. நாலு நாளா விடாத மழை. எங்க தெருவுல இருந்து சுடுகாட்டுக்கு தார் ரோட்டுல போனா பத்து நிமிஷம், ஆனா அந்த ரோடு மத்த ஜாதிக்காரங்க இருக்குற ஊர்த்தெரு வழியா போகுது, அதனால எங்க பாடை அதுல போகக்கூடாது. நாங்க வரப்பு வழியா தான் தூக்கிட்டு போனோம். முட்டி வரைக்கும் சேறு, வாய்க்கால்ல தண்ணி இடுப்புக்கு ஓடுது, நாலு பேரும் பாடையை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சோம், எங்க சித்தப்பாவுக்கு கால் வழுக்கி ஆயா ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு, எங்க அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. எம்பது வயசு வரைக்கும் அந்த ஊரு வயல்ல நாத்து நட்ட உடம்பு சார் அது. அந்த ரோடு போட்டப்ப ஜல்லி சுமந்ததும் எங்க தெரு பொம்பளைங்க தான்.

முந்தின நாள் ராத்திரியே ஆபீசருக்கு போன் பண்ணோம், வந்தாரு, ரெண்டு பக்கமும் பேசினாரு, கடைசியில எங்ககிட்ட வந்து "இந்த ஒரு தடவை அனுசரிச்சு போங்கப்பா, பிரச்சனை வேணாம்"னாரு. எங்க தாத்தா செத்தப்பவும் இதே வார்த்தையை தான் சொன்னாங்கனு அம்மா சொல்லுச்சு. ஊர் பேரை போடல, போட்டா நாளைக்கு வேலைக்கு போற எங்க ஆளுங்களுக்கு தான் கஷ்டம்.

இப்ப தாத்தா சீனிவாசன்கிட்ட வர்றேன். 1924 ஆகஸ்ட் 22, சென்னை சட்டசபையில அவரு ஒரு தீர்மானம் கொண்டு வந்தாரு. எந்த வகுப்பு, எந்த சமூகத்துக்காரங்களா இருந்தாலும் எந்த ஊரு, எந்த டவுனா இருந்தாலும் பொது ரோடு, தெரு, பாதையில நடக்க தடை இல்ல, பொது ஆபீஸ், கிணறு, குளம்னு பொது இடம் எல்லாத்துக்கும் மத்த ஜாதிக்காரங்க போற மாதிரியே போகலாம். இவ்வளவு தான் அது. தீர்மானம் நிறைவேறி அரசாங்க ஆணையாவும் வந்துடுச்சு. நூறு வருஷம் தாண்டிடுச்சு சார். அரசியல் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, வெள்ளைக்காரன் காலத்துலயே, எங்க ஆயா பொறக்குறதுக்கும் முன்னாடி அந்த ரோடு அவங்களுக்கு சொந்தமாயிடுச்சு.

அதை எழுதின மனுஷன் யாரு? கோயமுத்தூர்ல படிச்சப்ப ஸ்கூல்ல இருந்த சுமார் 400 பசங்கள்ல பத்து பேர் தவிர மத்தவங்க எல்லாம் பிராமணப் பசங்க, யாராவது ஜாதி கேட்டுடுவாங்களோனு பயந்து பெல் அடிக்கிற வரைக்கும் வெளியவே உக்காந்து படிச்சுட்டு, விட்டதும் யாரும் கூட வர்றதுக்குள்ள வேகமா வீட்டுக்கு நடந்துடுவாராம், அவரே தன் ஜீவிய சரித்திரத்துல எழுதியிருக்காரு. அதே பையன் தான் 1893-ல "பறையன்"னே பேர் வெச்சு பத்திரிகை ஆரம்பிச்சாரு, அம்பேத்கரோட சேர்ந்து லண்டன் வட்டமேஜை மாநாட்டுல உக்காந்தாரு. பயந்து பயந்து தெருவுல நடந்தவரு தான் தெருவுல நடக்குற உரிமையை எழுதி வாங்குனாரு. அப்படிப்பட்டவருக்கு மாலை மட்டும் போதுமா?

நாங்க கேக்குறது இது தான். அந்த தீர்மானத்தோட வாசகத்தை கல்லுல வெட்டி தமிழ்நாட்டுல ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்லயும், ஊரோட மெயின் தெரு ஆரம்பிக்கிற இடத்துலயும் நட்டு வைங்க. வருஷத்தையும் தாத்தா பேரையும் போடுங்க. கீழ, தடுத்தா எந்த சட்டத்துல கேஸ் வரும்னும் போடுங்க.

கல்லு வெச்சா மட்டும் மாறிடுமானு கேப்பீங்க. தீண்டாமைக்கு எதிரா 1955-லயே சட்டம் வந்துச்சு, 1989-ல இன்னும் கடுமையா வந்துச்சு, அதுக்கப்புறமும் 2022-ல புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல எங்க மக்களோட குடிதண்ணி டேங்க்ல மலத்தை கலந்தாங்க, 2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில ஓட்டு வாங்கி ஜெயிச்ச தலித் பஞ்சாயத்து தலைவரையே தரையில உக்கார வெச்சாங்க. 2025-ல எங்க தெருக்களுக்கு இருக்குற "காலனி"ங்கிற பேரை எடுக்குறோம்னு அரசு அறிவிச்சுச்சு, சந்தோஷம், மனசார சொல்றேன், ஆனா பேரு போனாலும் வரப்பு அப்படியே தானே இருக்கு? ஒவ்வொரு சாவுக்கும் நாங்க யார் காலையாவது புடிக்கணும், பொணத்தை வீட்டுல வெச்சுக்கிட்டு நியாயம் பேசணும், அந்த நேரத்துல எவனுக்கு சார் சண்டை போட தெம்பு இருக்கும்.

கோவத்துல ஏதாவது கூட பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. கல்லு இருந்தா ராத்திரி வர்ற ஆபீசர் எங்களை அனுசரிச்சு போகச் சொல்ல முடியாது, அவரு முதுகுக்கு பின்னாடியே அரசாங்கம் எழுதி வெச்சிருக்கும். அதுக்காக தான் திரும்பவும் கேக்குறேன், அந்த வாசகத்தை கல்லுல வெட்டி ஊர் ஊருக்கு நடுங்க.

அடுத்த ஜூலை 7-க்குள்ள எல்லா ஊருக்கும் முடியாட்டி பரவால்ல, பாடை சுத்திப் போற ஊருங்கள்ல இருந்து ஆரம்பிங்க, எதெதுன்னு உங்க ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கே தெரியும். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசா வெட்டச் சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு கண்ணு சரியா தெரியாது, அதுக்கு எழுத்துக்கூட்டி தான் படிக்க வரும்.

இப்படிக்கு,
வரப்பு வழியா போன ஒரு ஆயாவோட பேரன்