எம் 42 போல்ற்றின் குறுக்குவெட்டுப் பரப்பு: உங்கள் கையேட்டில் உள்ள பிழை பற்றிய முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். காரைநகரில் படகு தூக்கும் கிறேன் ஒன்றின் அத்திவாரத்துக்காக உங்களிடம் 8.8 என்ற வலிமைத் தரத்தில் எம் 42 போல்ற்றுகள், அதாவது 42 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை, எட்டு வாங்கினோம். கடற்காற்றுக்குத் தாங்கவேண்டும் என்று நாகமுலாம் பூசியதாகவே கேட்டோம், அப்படியே வந்தன. பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை உங்கள் கையேட்டில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய போல்ற்றின் பரப்பு விபரத்தைத் தேடி எடுப்பதே ஒரு வேலை. எங்களிடம் உள்ள பழைய அட்டவணைகள் எல்லாம் எம் 36 உடன் முடிந்துவிடுகின்றன. போல்ற்றுகளின் வலிமைக்கான ஐஎஸ்ஓ 898-1 நியமமும் எம் 39 வரைக்கும்தான் பேசுகிறது. உங்கள் கையேட்டில் எம் 64 வரை போட்டிருந்ததால் அதை நம்பி எடுத்தோம். அதில் ‘பரப்பு’ என்று ஒரே ஒரு நிரல். எந்தப் பரப்பு என்று எங்கும் இல்லை.

கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் பின்னேரம், எங்களிடம் வேலை பழகும் பொறியியல் படித்த பிள்ளை அந்த நிரலில் விரலை வைத்து, “அண்ணை, இதிலை ஏன் இவ்வளவு பெரிய பாய்ச்சல்?” என்று கேட்டது. எம் 30க்கு 561, எம் 36க்கு 817, அடுத்த வரியில் எம் 42க்கு 1385 சதுர மில்லிமீற்றர். முதல் இரண்டும் புரி வெட்டிய இடத்தின் இழுவிசைப் பரப்பு. மூன்றாவது, புரியே இல்லாத முழுத் தண்டின் பரப்பு. அதற்குக் கீழே எம் 48, 56, 64 எல்லாம் அதே பிழைதான்.

புரி அளவியை வைத்துப் பார்த்தேன். 4.5 மில்லிமீற்றர் அலகு அப்படியே பொருந்தி அமர்ந்தது; அதுதான் புரியிடை, அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலான தூரம். விட்டத்திலிருந்து புரியிடையின் 0.9382 மடங்கைக் கழித்தால் 37.78 மில்லிமீற்றர் வருகிறது. அந்த விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 1121. நீங்கள் போட்டிருப்பது அதைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூட.

இழுக்கும்போது போல்ற் அறுவது புரியில்தான். உருக்குக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய நியமமான யூரோகோட் 3 இன்படி 1385ஐப் போட்டால் ஒரு போல்ற் 798 கிலோநியூட்டன் தாங்கும் என்று வரும். 1121ஐப் போட்டால் 646 தான். எங்கள் கிறேனுக்கு ஒரு போல்ற்றுக்குத் தேவையானது ஏறத்தாழ 700. உங்கள் எண்ணின்படி அது பாதுகாப்பு, உண்மையான எண்ணின்படி பாதுகாப்பில்லை. படகு தொங்கும்போது அதன் கீழே நின்று கயிறு பிடிப்பவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முழுத் தண்டின் பரப்பும் தேவையான எண்தான். போல்ற்றைப் பக்கவாட்டில் அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசை புரியில்லாத பகுதியைக் கடக்கும் இடத்தில் அதைத்தான் எடுக்கவேண்டும். ஆனால் இரண்டு வேறு பரப்புகளை ஒரே தலைப்பின் கீழ், எங்கே மாறுகிறது என்று சொல்லாமல் கலந்து போடலாமா?

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர், “விட்டம் தெரியும்தானே, பை ஆர் ஸ்குவேயர் போட்டுப் பாருங்கோ” என்றார். அந்தக் கணக்குத்தான் உங்கள் அட்டவணையைப் பிழையாக்கியது என்று எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. திருப்பி எடுப்பதாகச் சொன்ன அழைப்பும் வரவில்லை. எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது இதுதான்.

இப்போது எம் 48க்கு மாறியிருக்கிறோம். அதன் உண்மையான இழுவிசைப் பரப்பு 1473. அடித்தகட்டுத் துளைகளைப் பெருப்பித்து, அச்சுத்தகட்டைப் புதிதாக வெட்டி, கொங்கிறீற் வேலையையும் தள்ளிப் போட்டாயிற்று.

ஆகவே எட்டுப் போல்ற்றுகளையும் மீள எடுத்துப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது விலை வித்தியாசத்துடன் எம் 48 ஆக மாற்றித் தாருங்கள். தகடு வேலைச் செலவின் பற்றுச்சீட்டுகளை இணைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், அந்த அட்டவணையில் புரியிடை, தண்டுப் பரப்பு, இழுவிசைப் பரப்பு மூன்றையும் தனித்தனி நிரலாகப் போட்டுத் திருத்துங்கள். எம் 42 உம் அதற்கு மேலும் உங்களிடம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அவர்களில் யாராவது ஏற்கெனவே கொங்கிறீற் போட்டிருக்கக் கூடும்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போல்ற்றுகள் நட்டும் வாஷருமாகப் பட்டறையில் எடுத்து வைத்தபடி இருக்கின்றன. லொறி அனுப்பினால் அன்றைக்கே ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
இரும்பு வேலைப் பட்டறை உரிமையாளர்