பச்சையாகத் தின்றால் நொதி சேருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், சமைக்காத உணவின் பெருமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. மனிதன் பிறக்கும்போதே ஓர் அளவு நொதிகளோடு (என்சைம்) பிறக்கிறானாம். சமைத்த சோற்றைச் செரிக்கச் செரிக்க அது தீர்ந்துகொண்டே வருமாம். பச்சைக் காய்கறி தின்றால்தான் நிரம்புமாம். அப்படித் தீர்ந்துபோகிற இருப்பு எதுவும் நம் உடம்பில் கிடையாது.

நொதி என்பது வினையூக்கி. வினையை வேகப்படுத்தும், ஆனால் அந்த வினையில் தான் செலவாகாது. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர் மலையேறி இறங்குவதில்லை, கணவாய் வழியே போய்விடுகிறார். நொதியும் வேதிவினைக்கு அப்படியொரு தாழ்ந்த பாதையைக் காட்டுகிறது. எத்தனை பேர் கடந்து போனாலும் கணவாய் அங்கேயே இருக்கும். நம் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி உண்டு. அதன் ஒரே மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை நீரோடு சேர்த்து பைகார்பனேட்டாக மாற்றும். அடுத்த நொடியும் அதே வேலைக்குத் தயார். நாளாவட்டத்தில் நொதிகள் சிதையும், உண்மைதான். ஆனால் செல்கள் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களை வெந்த பருப்பும் அவித்த முட்டையுமே கொடுத்துவிடும்.

நொதி ஒரு புரதம் என்று 1926-இல் ஜேம்ஸ் சம்னர் காட்டினார். வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெரிய பெரிய வேதியியலாளர்களே அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1946 ஆகிவிட்டது. புரதம் என்றான பிறகு, வயிறு அதை எப்படி நடத்தும் என்று யோசித்தாலே போதும். இரைப்பையின் அமிலத்தில் கேரட்டின் நொதி உருக்குலையும், மீதியை இரைப்பையின் பெப்சின் என்ற நொதி துண்டு துண்டாக்கிவிடும். மாவுச்சத்தை உடைக்கும் நம் உமிழ்நீர் நொதியான அமைலேஸே அந்த அமிலத்தில் நின்றுபோகிறது. கணையம் சரியாகச் சுரக்காதவர்களுக்கு மருத்துவர்கள் தரும் நொதி மருந்துகளில் பெரும்பாலானவை, அமிலத்தில் கரையாத பூச்சோடு வருவது இதனால்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் போட்டுக்கொள்ளும் லாக்டேஸ் மாத்திரை ஒரு விதிவிலக்கு. அதைப் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள். அமிலத்தை ஓரளவு தாங்கும்.

அதற்காக உணவிலுள்ள நொதிகள் வீண் என்று சொல்ல வரவில்லை. அவை நன்றாக வேலை செய்வது பாத்திரத்தில். ஆட்டுக்கறியில் பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைத்தால் பஞ்சுபோல வேகிறதே, அது அந்தக் காயிலுள்ள பாப்பைன் என்ற நொதியின் கைவண்ணம். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகு இதைவிட நல்ல சான்று. முளைக்கும் விதை தன் மாவுச்சத்தை உடைத்துக்கொள்ள அமைலேஸைத் தயாரிக்கும். முளைகட்டிய கேழ்வரகை வெயிலில் உலர்த்தி அரைத்து வைத்துக்கொள்ளுங்கள் (கருக வறுத்தால் நொதி போய்விடும்). சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் முளைமாவில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கஞ்சி இளகி ஓடும். தண்ணீர் சேர்க்காமலே! குழந்தையின் சின்ன வயிற்றுக்கு நீர்த்த கஞ்சிக்குப் பதிலாக மாவு அதிகமுள்ள கஞ்சியையே ஊட்ட முடிவது இதனால்தான். ஒரு பாத்திரக் கஞ்சிக்கு ஒரு கரண்டி போதுமானதாக இருக்கக் காரணம், அதிலுள்ள நொதி செலவாகாமல் திரும்பத் திரும்ப மாவுச்சத்தை வெட்டுவதுதான். அப்புறம் ஒரு கொதி விட்டு இறக்கினால் நொதி செயலிழக்கும். இழக்கட்டுமே, வேலைதான் முடிந்துவிட்டதே.

இந்தக் கடிதத்தை எழுதவைத்தது கட்டுரையின் கடைசிப் பத்தி. ஊறவைத்த பயறுகள், சோயா, ராஜ்மா எல்லாவற்றையும் பச்சையாகவே மெல்லச் சொல்கிறது அது. பச்சைச் சோயாவில், நம் கணையத்தின் டிரிப்சின் என்ற செரிமான நொதியையே முடக்கும் புரதங்கள் இருக்கின்றன. நொதி சேரும் என்று நம்பித் தின்றால், இருக்கிற நொதியின் கையும் கட்டப்படும். பச்சை ராஜ்மாவிலோ லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத சில கொட்டைகளே கடும் வாந்தியைக் கிளப்பிவிடும். இவற்றின் தொல்லையை ஒழிப்பது நன்றாகக் கொதிக்கவைப்பதுதான். அடுத்த இதழில் இந்தப் பத்திக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ராஜ்மாவை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்கு கொதிக்கவைத்து வேகவிட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கிருஷ்ணகிரி