கூடுவாய் ஒழுகுவது பற்றி

தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. ஆத்தா நலம்.

நம் பொது வீட்டுக் கூரையைப் பற்றிய பங்காளிகள் கூட்டத்துக்கு நீ அனுப்பிய யோசனையைப் படித்தேன். சித்தப்பா மரபின் பக்கம், அண்ணன் அவரவர் உரிமையின் பக்கம் நின்று பேச வேண்டும், இரண்டும் மோதினால் வழி பிறக்கும் என்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆத்தா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். ஆனால் இங்கே ஒழுகுவது நடுமுற்றத்து வளவின் மூலையில், இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடுவாய்.

பட்டாலைக் கூடத்துச் சுவரில் ஈரம் தெரிகிறது என்பதற்காகப் பொத்தல் நேர்மேலே இருக்காது. தண்ணீர் ஓட்டைத் தாங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய் இறங்கும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, இன்னொருவர் கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா வரிசையும் நனைந்துவிடும், எது ஒழுகுகிறது என்று தெரியாது. உள்ளே சொட்டுகிற வரிசையில் நிறுத்தி ஓட்டைப் பிரித்தால், உடைந்த ஓடா, கூடுவாயில் போட்ட தகடு துருப்பிடித்ததா, மக்கிய கைமரமா என்று தெரிந்துவிடும். தகட்டின் மேல் சிமெண்ட் பூசக் கூடாது. வெயிலில் தகடு விரியும், பூச்சு வெடிக்கும், வெடிப்பில் புகுந்த தண்ணீர் மரத்தை மக்கவைக்கும். சுவருக்கும் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான்.

மரபு பேசுகிறவர் ஓட்டைத் தொடாதே என்பார். உரிமை பேசுகிறவர் என் அறைக்கு மேலே மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்பார். யார் எதைப் பேசுவார் என்பது அவர் அறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் பேசச் சொல்லி உட்காரவைத்தவர் அரைமணியில் அதையே நம்பத் தொடங்குவார், பிறகு தண்ணீர் விட்டுப் பார்த்த முடிவையும் ஒப்பமாட்டார். கடைசியில் பாதிக்குப் பாதி என்று சமாதானம் ஆகும். அது இரண்டையும்விட மோசம். புது ஓடும் நாட்டு ஓடும் ஒரே வளைவில் அமையாது, சேருமிடத்தில் இடுக்கு விழும், ஐப்பசி மழை அங்கேயே இறங்கும்.

முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதன்பிறகு மிஞ்சுவது, செலவைக் குடும்பத்துக்கு ஒன்று என்ற புள்ளிக் கணக்கில் போடுவதா அறைக் கணக்கில் போடுவதா என்பது மட்டும்தான்.

நீ பங்கு பற்றிக் கேட்டிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிவினை வழக்கில் சொத்தைச் சரியாகப் பிரிக்க முடியாதென்றால், பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டு கோர்ட் விற்கச் சொல்லலாம். விற்கக் கேட்டவர் பங்கை மற்றப் பங்காளி தானே வாங்கிக்கொள்கிறேன் என்றால் மதிப்புப் போட்டு அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளியாள் ஒரு பங்கை வாங்கிவிட்டுக் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டால், குடும்பத்தார் அந்தப் பங்கைத் திரும்ப வாங்கலாம். பிரியாத பூர்வீகச் சொத்தில் வீட்டுப் பெண்ணான ஆச்சிக்கும் பங்கு உண்டு, கல்யாணமானவள் என்ற பேச்சு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தோடு போயிற்று. இதில் எதற்கும் மரபா உரிமையா என்று பட்டிமன்றம் வேண்டாம்.

நம் ஊரில் இத்தனை பெரிய கம்பெனியில் நீ ஒருவன்தான், எனக்குப் பெருமைதான். ஆனாலும் முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

ஆவணிக்குள் ஓடு பிரித்தாக வேண்டும். அண்ணன் உன் பங்குக் கணக்கை அனுப்புவான். அவன் கூப்பிட்டால் போனை எடு.

அப்பச்சி