ஐம்பது லிக் வேண்டாம், ஒன்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கிட்டார் வகுப்புகள் பெருகிவருவது பற்றிய செய்தி கண்டேன். குன்னூர், கோத்தகிரி தேவாலயங்களில் வாசிக்கும் இளைஞர்களுக்குக் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அத்துப்படி. ஜாஸ் சோலோ, அதாவது கற்பனையில் தனியாக வாசிப்பது, என்றால்தான் தடுமாற்றம். யூடியூப் பார்த்து ஐம்பது லிக்கை (தயாராக வைத்திருக்கும் சிறு ஸ்வரக் கோவை) விரலில் ஏற்றிக்கொள்கிறார்கள். பாட்டில் ஒன்றும் உட்காருவதில்லை.

கற்பனாஸ்வரம் பாடுகிறவர் எடுப்பை, அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்தை, குறிவைத்துத்தானே வருகிறார்? இங்கே குறி, அடுத்து வரும் கார்டின் மூன்றாம் ஸ்வரம். ஜாஸில் ஓயாமல் வரும் இரண்டு-ஐந்து-ஒன்று வரிசையை (ஸ்கேலின் 2, 5, 1ஆம் ஸ்வரங்களில் அமையும் கார்டுகள்) சி மேஜரில் எடுத்துக்கொள்வோம். முதல் பாரில் (நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) டி மைனர் 7-உம் ஜி 7-உம் பாதிப் பாதி. அடுத்த பாரில் சி மேஜர் 7. வாசிக்க வேண்டியது, முதல் எட்டும் அரைத் தட்டு வீதம்: டி, எஃப், ஏ, சி, பி, ஏ ஃப்ளாட், எஃப், டி, பிறகு ஈ. ஃப்ரெட் (கம்பியை அழுத்தும் கட்டம்) எண்கள்: ஐந்தாம் கம்பியில் 5, 8, நான்கில் 7, மூன்றில் 5, 4, நான்கில் 6, ஐந்தில் 8, 5, கடைசியாக 7ஆம் ஃப்ரெட். கை நகரவே வேண்டாம்.

உயிர் இருப்பது சி-யிலிருந்து பி-க்கு இறங்கும் அந்த அரைப்படியில். ஜி 7-இன் மூன்றாம் ஸ்வரமான பி, அந்தக் கார்டு தொடங்கும் மூன்றாம் தட்டில் சரியாக விழ வேண்டும். அரைத் தட்டு பிந்தித் தொடங்கினால் ஜி 7 மேல் சி வந்து உட்கார்ந்துவிடும். ஸ்வரங்கள் சரி, காதுக்குப் பிசகு. முடிவில் எஃப் மேலிருந்தும் டி கீழிருந்தும் ஈ-யை வளைக்கின்றன. ஏ-யையும் ஏ ஃப்ளாட் ஆக்கி, ஈ-யை ஈ ஃப்ளாட் ஆக்கினால் இதே லிக் சி மைனருக்கும் ஆகும்.

மெட்ரோனோமை (தட்டு காட்டும் கருவி) நிமிடத்துக்கு 40-இல் வைத்து, அதன் தட்டுகளைப் பாரின் 2, 4ஆம் தட்டுகளாக எண்ணுங்கள். தடுமாறாமல் வந்த பிறகு எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று 12 சுருதிக்கும் நகர்த்துங்கள். வேகம் அப்புறம். வாசிக்குமுன் வாயால் பாடிப் பார்ப்பது அவசியம். பாட வராதது சோலோவில் வராது. ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கோமரியே, தமக்கு முந்திய கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுத்தான் கற்றார்.

மலையில் வசிக்கும் நமக்கு மட்டும் இன்னொன்று. மூடுபனி மாதங்களில் மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும். கைதான் சரியில்லை என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் அழுத்துகிறார்கள், சுருதி ஏறிவிடுகிறது. கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
குன்னூர்.