வீட்டுக்கும் ஒரு புள்ளி வரி

செட்டிநாட்டு வளவுகளில், அதாவது நம் நகரத்தார் பெரிய வீடுகளில், பங்குள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், என்னைப் போலப் பிறந்த வீட்டை விட்டுப் போன ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

போன தை மாதம் தம்பி மகன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் எடுத்தார்கள். முதலில் வாசல் நிலை, அப்புறம் பர்மா தேக்குத் தூண்கள், கடைசியில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் நிலைகளைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்த ஊர் முகப்பில் இருந்ததோ, எத்தனை மணப்பெண்கள் இதைத் தாண்டி உள்ளே வந்தார்களோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த வீட்டுப் பங்காளிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. முப்பது பேருக்கு மேல் பங்கு, ஆளுக்கு ஒரு ஊர். மராமத்துச் செலவை எப்படிப் பிரிப்பது என்று கூடிப் பேசவே முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வீடு ஒரே நாளில் விழுவதில்லை. இரண்டு கூரைச் சரிவு கூடும் கூடல்வாயில் நாலு ஓடு விலகும். ஐப்பசி மழை உள்ளே இறங்கும். கைமரம் உளுக்கும். சுவரில் அரசங்கன்று வேர்விடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் எத்தனையோ வருஷம் தாங்கும். ஆனால் அது மேலே கூரை நிற்கும் வரைக்கும்தான். விரிசலைப் பார்த்துப் பதறிப்போய் சிமெண்டை அப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பழைய சுண்ணாம்பு பொடியாகிக் கொட்டும். முதல் வருஷமே நாலு ஓட்டை மாற்றியிருந்தால் போதும்.

பணம் இல்லாத காலம் ஒன்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கொடுக்கல் வாங்கலை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் நம் ஐயாக்கள். சுதந்திரம் வாங்கிய பர்மாவில் நிலமும் போனது. அந்தத் தலைமுறையால் இந்தப் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இன்று நம்மில் பல பேருக்கு அந்த நிலைமை இல்லை.

வீட்டுச் செலவைப் பிரித்துக்கொள்ள வேண்டிய ஏற்பாட்டையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தானே கோவில்களைப் பராமரித்து வருகிறோம்? சிங்கப்பூரில் இருப்பவரும் அந்த வரியை மறப்பதில்லை. அதே கணக்கை வீட்டுக்கும் போடுவோம். சில வளவுகளில் பங்காளிகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகள் நன்றாகவே இருக்கின்றன. பங்கு யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். கூரைக்கான வரியை அதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ஒரு வீட்டோடும் நிற்க வேண்டாம். ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்தால், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாருக்கும் ஓடு மாற்றும் ஆளுக்கும் வருஷம் முழுக்க வேலை தரலாம். வேலை இருந்தால்தான் அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தொழிலைக் கற்பார்கள். ஊரிலேயே இருப்பவர்களையும் குழுவில் சேருங்கள். நாம் இல்லாத நாளில் அந்தத் தெருவைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். முகப்பை மாலையில் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிட்டால்கூட நல்லது, ஆள் புழங்கும் வீட்டில் கரையான் சீக்கிரம் கண்ணில் படும்.

புதுச்சேரி வைசியாள் வீதியில் வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் ஒரு தெருவின் பழைய முகப்புகளை மீட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. நம் ஊர்களும் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பேர் இருப்பதால் ஒரு ஓடும் தானாக ஏறி உட்காராது.

இன்னொன்று. கட்டிக் கொடுத்த பெண்ணிடம் பிறந்த வீட்டுக்கு வரி கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. கேளுங்கள். 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டது. பங்கு உண்டென்றால் செலவும் உண்டுதானே? என்னைப் பெற்ற அப்பச்சி பிறந்த இரட்டை வீட்டுக்கு, வளவில் எங்கள் குடும்பப் பங்கான அறைகளுக்கு, மேல் ஒழுகுகிறது. அதற்கான முதல் பணத்தை நான் தருகிறேன்.

முன்னோரை வணங்கும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது இதை எடுத்துப் பேசுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு, ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆளை ஓட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு ஆவணியில் நானே கொத்தனாரை அழைத்து வருகிறேன். இரண்டாம் கட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டில் பிறந்த ஒருத்தி