ஏவுகணை கணக்கு மட்டும் போட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு நாட்டுக்கு நடுவுல முறைப்பு வந்துட்டா போதும், மறுநாளே பேப்பர்ல ஒரு பட்டியல் வந்துடுது. இவங்ககிட்ட எத்தனை டாங்க், அவங்ககிட்ட எத்தனை ஃபைட்டர் ஜெட், எத்தனை ஏவுகணைன்னு பக்கத்துல பக்கத்துல படம் போட்டு. நானும் அதை ஒரு வரி விடாம படிக்கறவன்தான். ஆனா போர் எப்படி வருதுன்னு அந்த பட்டியலை பாத்து யாருக்கும் புரியாது, அதனாலதான் இந்த லெட்டர்.

முதல் உலகப்போர் ஏன் வந்துச்சுன்னு கேட்டா, 1914 ஜூன் 28ஆம் தேதி சரயேவோல ஆஸ்திரியாவோட பட்டத்து இளவரசரை சுட்டுட்டாங்க, அதனாலன்னு எல்லாரும் பட்டுன்னு சொல்லிடுவோம். ஒரு துப்பாக்கிக்கு அவ்வளவு சக்தி ஏதுங்க? 1871ல அல்சேஸ் லொரைனை ஜெர்மனிகிட்ட பறிகொடுத்த ஆத்திரம் பிரான்ஸுக்கு ஆறவே இல்ல, பால்கன்ல யாரு பெரியவன்னு ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இழுபறி, இது பத்தாதுன்னு 1898ல இருந்து ஜெர்மனி கடற்படையை பெருக்க ஆரம்பிச்சதும் கடல் எங்களுதுன்னு இருந்த பிரிட்டனுக்கு தூக்கம் போச்சு. 1906ல பிரிட்டன் ட்ரெட்நாட்னு ஒரு போர்க்கப்பலை இறக்குச்சு. அது வந்த வேகத்துல அதுக்கு முந்தின கப்பல் எல்லாம் காயலான் கடை சரக்கு ஆயிடுச்சு, பிரிட்டனோட சொந்த கப்பலும் சேத்துதான். அப்ப ஜெர்மனி என்ன நினைக்கும்? போட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்குது, இனிமே நாமளும் எட்டி பிடிச்சுடலாம்னு நினைச்சுது, அதையேதான் செஞ்சுது.

இதுல பேப்பருங்களுக்கும் பங்கு இருக்கு சார், அதை சொல்லாம விட முடியாது. அதே 1906ல லண்டன் டெய்லி மெயில், ஜெர்மன் படை இங்கிலாந்துக்குள்ள நுழையற மாதிரி ஒரு தொடர்கதை போட்டுச்சு. படை எந்தெந்த ஊர் வழியா வருதுங்கறதை ராணுவ கணக்குப்படி எழுத விடல, பேப்பர் நல்லா விக்கற ஊரு வழியா வரணும்னு மாத்த வெச்சாங்க. சும்மா இருந்த ஜனங்க மனசுல பயத்தை ஊத்தறது இப்படித்தான் நடந்துச்சு. மூணே வருஷத்துல, 1909ல, ட்ரெட்நாட் மாதிரி எட்டு கப்பல் வேணும், காத்திருக்க மாட்டோம்னு ஊரே கத்துது. கடற்படை கேட்டது ஆறு, செலவை பாத்தவங்க நாலு போதும்னாங்க, கடைசியில எட்டுக்கு சம்மதிச்சாங்க. இவ்வளவு காசை கொட்டி கட்டின ரெண்டு பெரிய கடற்படையும் முழு பலத்தோட மோதிக்கிட்டது ஒரே ஒரு தடவைதான், 1916 மே 31, டென்மார்க் பக்கத்து கடல்ல, ஜட்லண்ட்ல. மத்தபடி அந்த பெரிய கப்பலுங்க முக்கால்வாசி நாள் துறைமுகத்துலயே நின்னுச்சு, செத்ததெல்லாம் சேத்துல பதுங்கு குழியில கிடந்த பசங்க.

எனக்கு இதுல ரொம்ப பதறுற இடம் 1914 ஜூலை கடைசி வாரம்தான். ரஷ்ய ராஜா ஜாரும் ஜெர்மன் ராஜா கைசரும் சொந்தக்காரங்க, நிக்கி, வில்லின்னு செல்ல பேர் போட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் தந்தி அடிச்சுக்கறாங்க, எப்படியாவது இதை நிறுத்துப்பான்னு. தந்தியை பாத்துட்டு ஜார் 29ஆம் தேதி ராத்திரி முழு படை திரட்டலை நிறுத்த சொல்றாரு. பாதி மட்டும் திரட்ட எங்ககிட்ட சரியான பிளானே இல்லன்னு தளபதிங்க நிக்கறாங்க, மறுநாளே மறுபடியும் கையெழுத்து போட்டுட்டாரு. ஆகஸ்ட் 1ஆம் தேதி பெர்லின்ல இன்னொரு கூத்து. பிரான்ஸை விட்டுடலாம் போலருக்கு, மொத்த படையையும் ரஷ்யா பக்கம் திருப்புன்னு கைசர் சொன்னா, அவரோட தளபதி மோல்ட்கே முடியாதுங்கறாரு. ரயில் டைம்டேபிள் ஒரு வருஷமா உக்காந்து போட்டது, இப்ப மாத்தினா படை படையா இருக்காது, வெறும் கும்பலா நிக்கும்னு. ராஜாவோட வார்த்தையை விட ரயில் அட்டவணை பெருசா போச்சு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல, கொலோன்ல ரைன் ஆத்து பாலத்து மேல சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் போச்சு, உள்ள எல்லாம் சிப்பாய்ங்க.

போட்டி செய்யற வேலை இதுதான். சண்டை வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே ஃபேக்டரி, ரயில், பிளான், பயம் எல்லாத்தையும் தயாரா வெச்சுடுது, அப்புறம் நிறுத்தணும்னு நினைக்கறவன் கையில பிரேக் இருக்காது. 1916 ஜூலை 1ஆம் தேதி பிரான்ஸ்ல சோம்ங்கற இடத்துல நடந்த சண்டையில ஒரே நாள்ல பிரிட்டிஷ் படையில மட்டும் 19,240 பேர் செத்தாங்க. இங்கிலாந்துல அக்ரிங்டன்னு ஒரு சின்ன ஊரும் சுத்து வட்டாரமும் சேர்ந்து அனுப்பின படையில அன்னிக்கு பதுங்கு குழியை விட்டு மேல ஏறி போனவங்க சுமார் 720 பேர், 584 பேர் செத்தோ அடிபட்டோ காணாமலோ போனாங்க, அதுவும் அரை மணி நேரத்துக்குள்ள. ஒண்ணா படிச்ச பசங்க, ஒரே மில்லுல வேலை பாத்தவங்க. அந்த தெருவுங்கள்ல எத்தனை வீட்டுல ஒரே வாரத்துல தந்தியும் லெட்டரும் வந்திருக்கும்னு நினைச்சா வயித்தை பிசையுது.

1962ல சோவியத் ரஷ்யா கியூபாவுல அணு ஏவுகணை வெச்ச விஷயத்துல உலகம் தப்பிச்சுதுன்னா அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் 13 நாள் கிடைச்சுது, அதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். அப்பக்கூட மாஸ்கோல இருந்து வந்த ஒரு நீளமான செய்தி வாஷிங்டனுக்கு முழுசா வந்து புரியறதுக்கு கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆச்சு. அந்த பயத்துலதான் அடுத்த வருஷமே ரெண்டு தலைநகருக்கும் நடுவுல நேரடியா செய்தி அனுப்பற ஹாட்லைன் போட்டாங்க. கண்டம் விட்டு கண்டம் பாயற ஏவுகணைக்கு சுமார் அரை மணி நேரம் போதும், பக்கத்து பக்கத்து நாடுன்னா அதுகூட வேண்டாம். நிலைமை இப்படி இருக்க, ஒருத்தர் ராணுவத்தை இன்னொருத்தர் வானத்துல இருந்து படம் எடுத்துக்கலாம்னு 1992ல போட்ட ஓபன் ஸ்கைஸ் ஒப்பந்தத்துல இருந்து 2020ல அமெரிக்காவும் 2021ல ரஷ்யாவும் வெளிய போயிட்டாங்க. நடுத்தர தூர ஏவுகணைங்களை ஒழிச்ச 1987 ஒப்பந்தம் 2019லயே செத்து போச்சு. உலகம் 2024ல ராணுவத்துக்கு செலவு பண்ணது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர்னு ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் சிப்ரி சொல்லுது.

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவை அந்த பட்டியல் போடும்போது ஏவுகணைக்கு பக்கத்துல இன்னும் நாலு வரி சேருங்க சார். ரெண்டு பேருக்கும் நடுவுல ஹாட்லைன் இருக்கா, அதை எடுத்து பேசறாங்களா, எந்த ஒப்பந்தம் இன்னும் உயிரோட இருக்கு, ரெண்டு வெளியுறவு அமைச்சரும் கடைசியா நேர்ல உக்காந்து பேசினது எந்த தேதி. முதல் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்